காலரைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 36. பள்ளி ஆசிரியை. ஆறு வாரத்துக்கு முன் எங்கள் கார் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. கணவர் ஸ்டியரிங்கில் இருந்தார். நான் பக்கத்து இருக்கையிலிருந்து பின்னால் திரும்பி மகளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. பெரிய இடியெல்லாம் இல்லை. பம்பரில் ஒரு ஒடுக்கு, அவ்வளவுதான். நானே இறங்கி நின்று பேசினேன். வீட்டுக்கு வந்து வழக்கமான வேலைகளையும் பார்த்தேன்.

மறுநாள் காலை தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கையால் தாங்கிப் பிடித்துத்தான் எழுந்தேன். வலி 10க்கு 7 இருக்கும். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு முறிவு இல்லை, விப்லாஷ்தான், அதாவது திடீர் உதறலில் கழுத்துக்கு ஏற்படும் காயம்தான் என்று சொல்லி மாத்திரையும் ஒரு வாரத்துக்குக் கழுத்துக் காலரும் கொடுத்தார். கழற்றினால் தலை விழுந்துவிடும்போல இருப்பதால் காலரை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். ரிப்போர்ட்டில் கழுத்தின் இயல்பான வளைவு நேராகிவிட்டது என்று போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.

இப்போது வலி 10க்கு 4 அல்லது 5. வலது பக்கம் பாதிகூடத் திரும்ப முடிவதில்லை. பிடரியில் தொடங்கி வலது கண்ணுக்குப் பின்னால் வரை தலைவலி வருகிறது. கரும்பலகையிலிருந்து சட்டென்று வகுப்பைப் பார்த்துத் திரும்பினால் தரை நகர்வதுபோல ஒரு கிறுகிறுப்பு. கை மரத்துப்போவதெல்லாம் இல்லை. பத்து நாள் பிசியோதெரபிக்குப் போனேன். கரண்ட் வைத்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். அன்றைக்கு இதமாக இருக்கும், மறுநாள் பழையபடிதான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே, எல்லாம் மனசுதான் என்கிறார் கணவர். மேடம், இது ஆயுசுக்கும் இருக்குமா? பிசியோதெரபியால் உண்மையிலேயே பலன் உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் உங்கள் மனதில் ஏறாது. இந்த வலி ஆயுசுக்கும் இருக்கும் என்று நினைக்க உங்கள் கடிதத்தில் எந்தக் காரணமும் எனக்குத் தென்படவில்லை. வலி 7-லிருந்து 4, 5-க்கு இறங்கியிருக்கிறது. கையில் மரப்பு இல்லை. வேலைக்குப் போகிறீர்கள். இதெல்லாம் நல்ல அறிகுறிகள். அதே சமயம், சும்மா இருந்தாலே சரியாகிவிடும் என்று சொல்லக்கூடிய கட்டத்தையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இனி கழுத்துக்கு வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலை என்ன என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். உங்களை நான் நேரில் தொட்டுப் பார்க்கவில்லை. ஆகவே நீங்களே உங்களைச் சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டன் போடுவது, எழுதுவது போன்ற நுணுக்கமான கைவேலை சமீபத்தில் தடுமாறுகிறதா? நடக்கும்போது கால் பின்னுகிறதா? சிறுநீரை அடக்குவதில் மாற்றம் உண்டா? ஒன்று இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, விழுங்கச் சிரமம், ஒரு பக்க இமை மட்டும் சரிவது, மயங்கி விழுவது, இதுவரை வந்தே இராத அளவுக்குக் கடுமையான தலைவலி, இவற்றில் ஏதாவது? முதல் மூன்றும் தண்டுவடம் நெருக்கப்படுவதைக் காட்டக்கூடும். பின்னால் சொன்னவை கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருப்பதால் வரலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

சின்ன இடிக்கு ஏன் இவ்வளவு வலி என்று உங்களுக்கும் சந்தேகம் இருக்கிறது. கடிதத்தில் 'பெரிய இடியெல்லாம் இல்லை' என்று நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே அது தெரிகிறது. அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். பின்னால் இடி விழுந்ததும் கார் முன்னே தள்ளப்படுகிறது. இருக்கையின் முதுகு உங்கள் முதுகைத் தள்ளுகிறது. உடம்பு முன்னே போகிறது. ஆனால் தலை, கிட்டத்தட்ட 5 கிலோ எடை, இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இடையில் மாட்டிக்கொள்வது கழுத்து. முதல் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள், கழுத்தின் கீழ்ப் பகுதி பின்னோக்கியும் மேல் பகுதி முன்னோக்கியும் வளைந்து, பாம்பு நெளிவதுபோல ஒரு வடிவத்துக்குப் போகிறது. எப்போதும் போகாத வடிவம் அது. தசைகள் சுதாரித்து இறுகுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் 'நான் இறுக்கிப் பிடித்திருந்தால் தப்பித்திருப்பேனோ' என்று யாராவது கேட்டால், வேண்டாம், அந்தப் பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பேன்.

அந்த நெளிவில் அதிகம் அடிபடுவது கழுத்தெலும்புகளின் பின்புறம் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக இருக்கும் சிறு மூட்டுகள். விரல் நுனி அளவுதான் ஒவ்வொன்றும். அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது, அதில் வலியுணரும் நரம்புகள் நிறைய. தலை நேராக இருக்கும்போது அந்த உறை தளர்வாக இருக்கும். நீங்களோ மகளைப் பார்க்கத் திரும்பியிருந்தீர்கள். திரும்பிய கழுத்தில் உறை ஏற்கனவே இழுபட்டு நிற்கும். அந்த நிலையில் இடி விழுந்தால் அது இன்னும் அதிகமாக இழுபடும். ஒரு பக்கம் மட்டும் உங்களுக்கு அதிகமாக வலிப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் ஊகிக்கிறேன். அடிபட்ட இடத்தில் வீக்கமும் அழற்சியும் கூடுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் அன்று வேலை பார்க்க முடிந்தது, மறுநாள் தலையைத் தூக்க முடியவில்லை. பம்பரில் விழுந்த ஒடுக்கை வைத்துக் கழுத்தை எடை போடவே கூடாது. வண்டி எவ்வளவு நசுங்கியது என்பதற்கும் வலி எத்தனை நாள் நீடிக்கும் என்பதற்கும் ஒட்டுறவு இல்லை.

விப்லாஷ் என்றால் சாட்டை வீச்சு. ஹெரால்டு குரோவ் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1928-ல் ஒரு மருத்துவக் கூட்டத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். தலை அசைந்த விதத்தை விளக்கத்தான் அவர் சொன்னார். நாளடைவில் அதுவே நோயின் பெயராகிவிட்டது. பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்தியிருக்கிறார். எனக்கும் அந்தச் சொல் பிடிக்காது. சாட்டை என்று கேட்டதுமே கழுத்து முறிந்துபோனதாக ஒரு சித்திரம் மனதில் விழுந்துவிடுகிறது. 1995-ல் கனடாவின் கியூபெக்கில் ஒரு நிபுணர் குழு இதை நிலைகளாகப் பிரித்தது. வலியும் இறுக்கமும் மட்டும் இருந்தால் முதல் நிலை. கழுத்து அசைவு குறைந்திருந்தால் இரண்டாம் நிலை. நரம்பு பாதிப்பின் அடையாளங்கள் தெரிந்தால் மூன்றாம் நிலை. எலும்பு முறிந்தோ விலகியோ இருந்தால் நான்காம் நிலை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாம் நிலை.

இனி எக்ஸ்ரே. ஒரே படத்தை வைத்துக்கொண்டு உங்கள் கணவர் ஒன்றுமே இல்லை என்கிறார். நீங்களோ எல்லாம் போய்விட்டது என்று தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். இரண்டுமே அந்தப் படம் சொல்லாத சங்கதி. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். மேலே சொன்ன உறையும் தசையும் தெரியாது. ஆகவே படம் சுத்தமாக இருப்பதும் உங்களுக்கு வலிப்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இதை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். உங்கள் வலி நிஜம்.

வளைவு நேராகிவிட்டது என்ற வரியைப் பொறுத்தவரை, கழுத்து வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயிலும் அது இருக்கிறது. படம் எடுக்கும்போது தாடையைச் சற்று உள்ளே இழுத்தாலே வளைவு குறைந்துவிடும். தசை இறுகினாலும் குறையும். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஜப்பானில் கழுத்துத் தொந்தரவு எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டு, பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது. காரணமில்லாமல் ஸ்கேன் எடுத்தால் உங்களுக்கும் ஏதாவது ஒரு பிதுக்கம் தெரியும், அதோடு இன்னும் பத்து நாள் தூக்கம் போகும். கை மரப்பு, பலக்குறைவு என்று ஏதாவது வந்தால் டாக்டரே எடுக்கச் சொல்வார்.

காலருக்கு வருகிறேன். உங்கள் டாக்டர் ஒரு வாரம் என்றுதான் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஆறு வாரமாகப் போட்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் பிசியோதெரபிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், விப்லாஷ் என்று வருகிறவர்களுக்கு 'கழுத்தை அசைக்காதீர்கள், பத்திரம்' என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதில் ஒருவரை இன்னும் மறக்க முடியவில்லை. லாரி ஓட்டுகிறவர், நல்ல ஆகிருதி. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். பின்னாலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் பாதம் திரும்பியது, பிறகு இடுப்பு, பிறகு மார்பு. கடைசியில்தான் முகம் வந்தது. கழுத்து என்று ஒன்று இருப்பதையே உடம்பு மறந்திருந்தது. அவர் கண்ணில் இருந்தது வலியைவிட அதிகமாகப் பயம். அந்தப் பயத்தில் பாதி நான் கொடுத்தது. அன்றிலிருந்து 'பத்திரம்' என்ற சொல்லை நான் நோயாளிகளிடம் சொல்வதில்லை.

காலர் தாங்கத் தாங்க, தாங்க வேண்டிய தசை ஓய்ந்துபோகிறது. கழற்றினால் தலை விழுந்துவிடும்போல இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த உணர்வைப் பெரும்பாலும் உண்டாக்குவது நீடித்த காலர்தான். இந்த வாரத்திலிருந்து இப்படிச் செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது முதலில் கழற்றுங்கள். இரண்டு நாள் கழித்து நடமாடும்போதும் வேண்டாம். அதற்கடுத்த இரண்டு நாளில் பள்ளியிலும் வேண்டாம். ஒரு வாரத்துக்குள் அது அலமாரிக்குள் போய்விட வேண்டும். முதல் சில நாள் சாயங்காலம் கழுத்து அசதியாக இருக்கும். வெகுநாள் கழித்து வேலை செய்த தசைக்கு வரும் அசதி அது. எலும்பு முறிவோ தசைநார் அறுந்ததோ இருந்து காலர் போடச் சொன்னவர்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. அவர்கள் தங்கள் டாக்டர் சொன்னபடிதான் நடக்க வேண்டும்.

பிசியோதெரபியால் பலன் உண்டா என்று கேட்டீர்கள். மனதை மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் பத்து நாள் போய்ப் பெற்றதை முழுமையான பிசியோதெரபி என்று நான் சொல்ல மாட்டேன். கரண்ட் வைப்பதும் ஒத்தடமும் வலியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடும். அந்த ஒரு மணி நேரத்தில் கழுத்தை அசைக்கப் பழக்கினால் அதற்குப் பொருள் உண்டு. படுத்துவிட்டு எழுந்து போனால் மறுநாள் பழையபடிதான், நீங்கள் எழுதியதுபோலவே.

பலமுறை போனால்தான் பலன் என்பதும் இல்லை. பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2013-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. புதிதாக அடிபட்டு, மூன்று வாரமாகியும் வலி குறையாதவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு முறை வரை பிசியோதெரபி, மறு பகுதியினருக்கு ஒரே ஒரு முறை ஆலோசனை. நான்காவது மாதத்தில் முதல் பகுதியினர் சற்றே முன்னால் இருந்தார்கள். ஓராண்டில் இருவரும் ஒரே நிலை. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொன்று வந்தது. வலி நாட்பட்டுப் போன 172 பேரில் பாதிப் பேருக்கு 20 முறை உடற்பயிற்சிச் சிகிச்சை, மீதிப் பேருக்கு அரை மணி நேர ஆலோசனையும் தேவைப்பட்டால் போனில் பேசுவதும். பெரிய வித்தியாசம் இல்லை. என் தொழிலில் இருக்கும் சிலருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். எனக்கு வருவதில்லை. எத்தனை நாள் போனீர்கள் என்பது கணக்கில்லை, என்ன கற்றுக்கொண்டு வந்தீர்கள், அதை வீட்டில் செய்தீர்களா என்பதுதான் கணக்கு என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் விஷயத்தில் ஐந்தாறு முறை போதும். ஆனால் அது சரியான ஐந்தாறாக இருக்க வேண்டும்.

சரியானது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் நாளே உங்கள் கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து எழுதிவைப்பார்கள். கை கால் பலம், உணர்ச்சி, அனிச்சைச் செயல் எல்லாம் பார்ப்பார்கள். பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் தருவார்கள். படிப்பது, தூங்குவது, எடை தூக்குவது, வண்டி ஓட்டுவது என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 50. மதிப்பெண் குறையக் குறைய நல்லது. விவரம் கேட்காமலே உங்களைக் கட்டிலில் படுக்கச் சொல்லிக் கருவியை மாட்டுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். யாராவது கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுத்துவிடுகிறேன் என்றால் உடனே மறுத்துவிடுங்கள். இதில் நான் கறாராகவே இருக்கிறேன். இப்போதைய உங்கள் கழுத்துக்கு அது தேவையே இல்லை.

இரண்டு பயிற்சிகளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவை இரண்டும்தான் பெரும்பாலும் தவறாகச் செய்யப்படுகின்றன.

முதலாவது படுத்துச் செய்வது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தலைக்கடியில் மெல்லியதாக மடித்த துண்டு. இரண்டு கை விரல்களையும் கழுத்தின் இரு பக்கமும் லேசாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 'ஆமாம்' என்று மிகச் சின்னதாகத் தலையாட்டுவதுபோல, தாடையைத் தொண்டைப் பக்கம் கொண்டுபோங்கள். தலையின் பின்பக்கம் துண்டில் உரசிக்கொண்டே நகர வேண்டும், ஒரு இம்மிகூட மேலே எழும்பக் கூடாது. விரலுக்கடியில் கயிறுபோல ஏதாவது புடைத்து எழுந்தால் நீங்கள் அதிகமாக முயல்கிறீர்கள் என்று அர்த்தம். அது வெளித்தசை. நமக்கு வேண்டியது அதற்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி இருக்கும் மெல்லிய தசைகள். விப்லாஷுக்குப் பிறகு அவை வேலையை விட்டுவிடுகின்றன, வெளித்தசை அவற்றின் சுமையையும் சேர்த்து இழுக்கிறது. உங்கள் கழுத்து வலியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. பத்து நொடி பிடித்து, மூச்சை அடக்காமல், பத்து முறை. முதல் நாள் மூன்று நொடிதான் முடிகிறது என்றால் மூன்று நொடி போதும்.

கிளினிக்கில் இதையே கழுத்துக்கடியில் ஒரு சிறு காற்றுப் பையை வைத்துப் பழக்குவோம். பையிலிருந்து வரும் குழாயில் ரத்த அழுத்தக் கருவியில் இருப்பதுபோல ஒரு முள். 20-ல் நிறுத்திவிட்டு, தலையாட்டி 22-க்குக் கொண்டுவந்து அசையாமல் பிடிக்கச் சொல்வோம். பிறகு 24, 26 என்று 30 வரை. பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். நல்ல திடகாத்திரமான ஆட்கள் 24-ல் முள்ளை நிறுத்த முடியாமல் வியர்த்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் குவென் ஜல் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் அவருடைய குழுவினரும் வளர்த்தெடுத்த முறை இது.

இரண்டாவது, உங்கள் கிறுகிறுப்புக்கானது. மண்டை ஓடு கழுத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் குட்டித் தசைகளுக்குள் நிலையுணர் உறுப்புகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. தலை இப்போது எங்கே இருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் சேதி அனுப்புவது அவற்றின் வேலை. அடிபட்ட கழுத்திலிருந்து வரும் சேதி ஒன்று, கண்ணும் உள்காதும் அனுப்பும் சேதி வேறொன்று. மூளை குழம்புகிறது, தரை நகர்கிறது. இதைச் சோதிக்க, நெற்றியில் ஒரு பட்டையில் சின்ன லேசர் விளக்கைக் கட்டி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டரில் உட்காரவைப்போம். ஒளிப்புள்ளி சுவரில் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு குறி. கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் திருப்பி, பழைய இடத்துக்கே வந்துவிட்டதாகத் தோன்றும்போது நிறுத்தச் சொல்வோம். கண்ணைத் திறந்தால் புள்ளி எங்கேயோ இருக்கும். ஏழு சென்டிமீட்டருக்கு மேல் தவறினால் அந்த உணர்வு கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். 'நான் நேராகத்தானே இருந்தேன்!' என்று எல்லோரும் அதிர்ச்சியாகக் கேட்பார்கள். சோதனையே பயிற்சியும் ஆகும். இதையே திரும்பத் திரும்பச் செய்யச் செய்யப் புள்ளி குறிக்கு நெருங்கி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். வீட்டில் லேசர் இல்லாவிட்டால், கட்டைவிரலைக் கண்ணெதிரே நீட்டி அதையே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். லேசாகக் கிறுகிறுக்கும் வேகம் வரை போகலாம், குமட்டும் அளவுக்குப் போக வேண்டாம். படுக்கையில் புரளும்போது சில நொடி உலகமே சுழல்கிறது என்றால் அது உள்காதுச் சிக்கலாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

மற்றவை சுருக்கமாக. விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை, வலி வராத எல்லை வரை இரு பக்கமும் பத்துப் பத்து முறை கழுத்தை மெதுவாகத் திருப்புங்கள். வலதுபுறம் பாதிதான் போகிறது என்றால் பாதி போதும், நாளைக்கு அரை விரற்கடை கூடும். தோள்பட்டைத் தசைகளுக்கான பயிற்சியை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். நடைப்பயிற்சி தினமும் வேண்டும். கரும்பலகையில் எழுதும்போது கண் மட்டத்தில் எழுதுங்கள், வகுப்பைப் பார்க்கத் திரும்பும்போது இப்போதைக்குக் காலையும் சேர்த்துத் திருப்பினால் தவறில்லை. ஆனால் நாளில் சில முறை வேண்டுமென்றே கழுத்தால் மட்டும் திரும்பிப் பழகுங்கள்.

பயிற்சியின்போது வலித்தால் நிறுத்த வேண்டுமா? வலி இரண்டு மதிப்பெண் வரை கூடி, அன்று இரவுக்குள் அல்லது மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடருங்கள். மறுநாளும் கூடியே இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். கையில் மின்சாரம் பாய்வதுபோல ஏதாவது வந்தால் மட்டும் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

தலைவலியைப் பற்றிப் பயந்திருப்பீர்கள். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்திலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தின் மேல்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் பிடரியில் இருக்கும் மூட்டின் வலியை மூளை கண்ணுக்குப் பின்னால் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. உங்களுக்குத் தலைவலி வரும் பாதை இதற்கு அப்படியே பொருந்துகிறது. கழுத்தின் மேல் மூட்டுகள் அசையத் தொடங்கினால் இதுவும் இறங்கும். இந்தத் தலைவலிக்காக வாரத்தில் பாதி நாளுக்கு மேல் மாத்திரை போடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகும் நிலையும் உண்டு.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்கிறேன். இப்போது காரில் உட்கார்ந்தால் பின்னால் வரும் வண்டியின் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுகிறதா? அந்த இடி கனவில் வருகிறதா? சிக்னலைத் தவிர்க்கச் சுற்றுவழியில் போகச் சொல்கிறீர்களா? முதல் நாள்களில் வலி அதிகமாக இருந்ததும், இப்படிப்பட்ட பதற்றம் நீடிப்பதும், 'இனி சரியாகவே ஆகாது' என்ற எண்ணமும்தான் குணமாவதைத் தாமதிக்கிறவை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உங்கள் கணவர் சொல்லும் 'மனசு' வேறு, இது வேறு. பயந்த உடம்பு தசையைத் தளரவிடாது, அவ்வளவுதான். 2019-ல் வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், உடற்பயிற்சியோடு மன அழுத்தத்தைக் கையாளும் முறைகளையும் பிசியோதெரபிஸ்ட்டே கற்றுக்கொடுத்தபோது, உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அந்த நோயாளிகள் நன்றாகத் தேறினார்கள். இந்தப் பதற்றம் உங்களுக்கு இருந்தால் சிகிச்சையின் முதல் நாளிலேயே சொல்லுங்கள். தேவைப்பட்டால் மனநல ஆலோசகரையும் பாருங்கள். முன்சொன்ன லாரி ஓட்டுநருக்கு, கழுத்துப் பயிற்சியோடு, நின்றிருக்கும் வண்டியில் தினமும் பத்து நிமிடம் வெறுமனே உட்கார்வதும் சிகிச்சையாக இருந்தது.

எவ்வளவு நாள் ஆகும்? முன்னேற்றத்தின் பெரும் பகுதி முதல் இரண்டு மூன்று மாதத்தில் நடக்கும். ஓராண்டு கழித்தும் ஏறக்குறைய பாதிப் பேர் கழுத்தில் ஏதோ ஒரு தொந்தரவு இருப்பதாகச் சொல்கிறார்கள் என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. அவர்களில் பலருக்கு அது வேலையைத் தடுக்கும் வலியாக இருப்பதில்லை, நீண்ட நேரம் குனிந்திருந்தால் தலைகாட்டிப் போகும் வலிதான். இன்னும் ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் நகரவே இல்லை என்றால், வலி மருத்துவ நிபுணரிடம் போகலாம். அந்தச் சிறு மூட்டுகளின் நரம்பை ஊசி மூலம் மரக்கச் செய்து எந்த மூட்டு வலிக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையும், பிறகு அந்த நரம்பைச் சூடுபடுத்தி வலியை நிறுத்தும் முறையும் இருக்கின்றன. உங்களுக்கு அதுவரை போக வேண்டியிராது என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, உங்கள் காரின் தலைத்தாங்கியை இன்றே பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது வாங்கிய அன்று இருந்த தாழ்ந்த நிலையிலேயே இருக்கும். அதன் மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும். பின்தலைக்கும் அதற்கும் இடையே மூன்று நான்கு விரலுக்கு மேல் இடைவெளி கூடாது. அதற்காக இருக்கையின் முதுகைச் சற்று நிமிர்த்த வேண்டியிருக்கும். கணவருடையதையும் மகளுடையதையும் சேர்த்தே சரிசெய்யுங்கள்.

அந்தப் பத்துக் கேள்வித் தாளின் முதல் மதிப்பெண்ணையும், மூன்று வாரம் கழித்து வரும் மதிப்பெண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். காலரைக் கழற்றிய தேதியையும் கூடவே எழுதுங்கள்.